புண்ணியம் என்னும் பழக்கம்: அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ நற்பண்புகள்

‘உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்’ என்று ஒருவர் கெஞ்சும்போது, கேட்பவரின் மனத்தில் விரிவது ஏறத்தாழ ஒரு பேரேடு. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் அதில் ஒரு வரவு. ஏழையின் வயிற்றில் அடித்தால் ஒரு பற்று. கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்க்க மேலே ஒருவர் இருக்கிறார். தமிழ் வழக்கில் புண்ணியம் என்ற சொல் சுமந்து நிற்கும் பொருள் இதுவே. ஆனால் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேச (மறைக்கல்வி) நூல்கள் இதே சொல்லை வேறொரு பொருளில் வழங்கின. ‘விர்த்தூஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு இணையாக அவை புண்ணியம் என்று எழுதின. அந்த இலத்தீன் சொல்லோ ஆற்றலையும் திடத்தையும் குறிப்பது. ஏட்டில் ஏறும் வரவை அது குறிக்கவில்லை. மனிதருக்குள் வேர்விட்டு, அவரை நன்மையின் பக்கம் சாய வைக்கும் ஒரு வலிமையைக் குறித்தது. இக்காலத்து நூல்கள் ‘நற்பண்பு’ என்று எழுதுவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சொல்லைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. கிறிஸ்தவ வாழ்வைப் பேரேடாகப் புரிந்துகொண்டவர், ‘எத்தனை நல்ல செயல் செய்தால் போதும்?’ என்ற கேள்வியையே சுற்றிச் சுற்றி வருவார். அதை வலிமையாகப் புரிந்துகொண்டவரின் கேள்வி வேறு: ‘நான் எப்படிப்பட்ட ஆளாக மாறிக்கொண்டிருக்கிறேன்?’ 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, நற்பண்பை நன்மை செய்வதற்கான பழகிப்போன, உறுதியான மனப்பாங்கு என்று விளக்குகிறது. ‘பழகிப்போன’ என்ற அடைமொழியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறை தரும்போது தவறுதலாக நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார். தெருமுனை வரை வந்த பிறகே ஒருவர் அதைக் கவனிக்கிறார். ‘அவர் எடையில் அடித்ததை எல்லாம் சேர்த்தால் இது ஒன்றும் பெரிதல்ல’ என்று ஒரு மனம் சொல்ல, மறு மனம் உறுத்த, ஐந்து நிமிடம் போராடிய பின் திரும்பிச் சென்று கொடுக்கிறார். இன்னொருவருக்கு அதே நிலை வந்தபோது, எண்ணிப் பார்த்த கையோடு ‘அண்ணாச்சி, நூறு அதிகமா இருக்கு’ என்று நீட்டிவிடுகிறார். வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே அவருக்கு எழவில்லை. இருவரும் செய்தது நேர்மையான செயல்தான். ஆனால் நேர்மை என்ற பண்பு குடிகொண்டிருப்பது இரண்டாமவரிடம். போராடி வென்றவருக்கே பெருமை அதிகம் என்று நம்மில் பலர் நினைப்போம். 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) அப்படிக் கருதவில்லை. நல்லதைத் தடுமாற்றமின்றியும் மகிழ்ச்சியோடும் செய்வதே பண்பு முதிர்ந்ததற்கு அடையாளம் என்பது அவர் பார்வை. முதலாமவர் குறைந்தவர் என்பது இதன் பொருளாகாது. அவர் அதே வழியில் சற்றுப் பின்னால் நடந்து வருகிறார், அவ்வளவே.

பிறவிக் குணமா, பழக்கமா?

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற வரியை அறியாத தமிழர் இருக்க முடியாது. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் அந்தத் தனிப்பாடலின் கடைசி வரியை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஓவியம், மொழி, கல்வி, நடை ஆகிய எல்லாம் பழக்கத்தால் வரும் என்று அடுக்கிக்கொண்டு வரும் பாடல், ‘நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்’ என்று முடிகிறது. அதாவது கையைப் பழக்கலாம், நாவைப் பழக்கலாம், இரக்கத்தைப் பழக்க முடியாது. அது இருப்பவரிடம் இருக்கும், இல்லாதவரிடம் இல்லை. ‘அவருக்குக் கை தாராளம்’, ‘இவருக்கு மூக்குக்கு மேல் கோபம், பரம்பரையே அப்படி’ என்று நாம் பேசுவதும் இதே எண்ணத்தில்தான்.

கிறிஸ்தவ மரபு இந்த இடத்தில் அந்தப் பாடலோடு உடன்படுவதில்லை. இயல்பிலேயே சிலர் சாந்தமானவர்கள், சிலர் முன்கோபிகள் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் பிறவி வகுத்த எல்லைக்குள் ஒருவர் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை என்கிறது. விவிலியத்தில் பேதுருவின் இரண்டாம் திருமுகத்தின் (கடிதத்தின்) முதல் அதிகாரத்தில் ஒரு படிவரிசை உண்டு: விசுவாசத்தோடு தைரியம், தைரியத்தோடு ஞானம், ஞானத்தோடு இச்சையடக்கம், அதனோடு பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், எல்லாவற்றுக்கும் மேல் அன்பு என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டச் சொல்கிறது. பிறவியிலேயே வந்துவிடும் ஒன்றைக் ‘கூட்டுங்கள்’ என்று யாரும் கட்டளையிட மாட்டார்கள். தயையும் கொடையும் கூடப் பயிலத்தக்கவை என்பதே அதன் உட்பொருள்.

ஆனால் பயிற்சி ஒன்றே போதுமா என்ற கேள்வி உடனே எழும்; கிறிஸ்தவர்களுக்குள் நெடுங்காலம் நடந்த விவாதமும் அதுதான். நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நீதிமான் ஆகிறார் என்றார் அரிஸ்டாட்டில். அக்குவினாஸ் அதை ஏற்றுக்கொண்டு, முயற்சியால் ஈட்டும் பண்புகளுக்கு அப்பால், கடவுளே உள்ளத்தில் பொழியும் பண்புகளும் உண்டு என்று சேர்த்தார். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1520இல் எழுதிய ஒரு சிறு நூலில் அரிஸ்டாட்டிலின் வரிசையையே தலைகீழாகத் திருப்பினார்: நல்ல செயல்கள் ஒருவரை நல்லவராக்குவதில்லை, கிருபையால் நல்லவராக்கப்பட்டவரே நல்ல செயல்களைச் செய்கிறார், மரம் நன்றாக இருந்தால்தான் கனி நன்றாக இருக்கும். இரு தரப்பும் தங்கள் சான்றாகக் காட்டும் வரிகள் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் (2:12–13) அடுத்தடுத்தே நிற்கின்றன. மீட்பு நிறைவேறப் பாடுபடுங்கள் என்கிறது ஒரு வசனம். விருப்பத்தையும் செயலையும் உங்களுக்குள் உண்டாக்குகிறவர் கடவுளே என்கிறது அடுத்தது. வயலில் வேலை செய்து பழகியவர்களுக்கு இதில் முரண்பாடு தெரியாது. உழுவதும் விதைப்பதும் களையெடுப்பதும் உழவரின் பாடு; மழை பெய்வதும் விதை முளைவிடுவதும் அவர் கையில் இல்லை; அதனால் உழாமல் இருந்துவிடவும் முடியாது. கத்தோலிக்கர் அருள் என்றும் சீர்திருத்தச் சபையினர் கிருபை என்றும் குறிப்பது இந்த மழையைத்தான்.

எந்தெந்தப் பண்புகள்?

தொடக்கநிலை வாசகரை மிரட்டுவது பட்டியல்களே. ஆகவே அவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் குறிப்பிடும் மூன்று. இங்கே ஒரு மொழிச் சிக்கல் காத்திருக்கிறது. சீர்திருத்தச் சபையினர் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அவை ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவையே ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றொன்றில் முதலாவதாக நிற்கிறது. வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த இருவர் ‘நம்பிக்கை’யைப் பற்றி அரைமணி நேரம் பேசிய பிறகே, தாங்கள் இரண்டு வெவ்வேறு பண்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தெரியவரும் வேடிக்கையும் நடப்பதுண்டு.

அடுத்து விவேகம், நீதி, திடம், அளவுடைமை என்னும் நான்கு. இவை பிளேட்டோவின் காலத்திலிருந்தே கிரேக்கர் அறிந்தவை. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சாலமோனின் ஞானம் என்ற நூலும் (8:7) இவற்றை வரிசைப்படுத்துகிறது. 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயராக இருந்த அம்புரோசு இவற்றுக்குச் சூட்டிய இலத்தீன் பெயர், ‘கதவின் கீல்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது; மற்ற பண்புகளாகிய கதவுகள் எல்லாம் இந்தக் கீல்களின் மேல்தான் திரும்புகின்றன என்பது கருத்து. மூன்றாவதாக, பவுல் கலாத்தியருக்கு எழுதியதில் (5:22–23) வரும் ஆவியின் கனி: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம்.

இவை தவிர, தலையான பாவங்கள் ஏழுக்கு மாற்றாக ஏழு புண்ணியங்களை ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர். தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம்; மட்டசனம் என்றால் அளவோடு உண்பது என்று எனக்குத் தெரியவந்ததோ பல ஆண்டுகள் கழித்துத்தான். மருந்துக் கடையின் அலமாரியைப் போன்றது இந்தப் பட்டியல். அகங்காரம் உள்ளவருக்குத் தாழ்ச்சி, உலோபிக்கு உதாரம், காய்மகாரம் (பொறாமை) உள்ளவருக்குப் பிறர்சிநேகம் என்று நோய்க்கு ஏற்ற மருந்தை அது காட்டுகிறது. எல்லாப் புட்டிகளையும் ஒரே நாளில் திறக்கச் சொல்லவில்லை.

பொறுமை: ஒரு மடத்துக் கதை

அன்றாட வாழ்வில் பண்பைப் பயில்வது என்பது எவ்வளவு சிறிய இடத்தில் நடக்கும் வேலை என்பதைக் காட்ட, தமிழ்க் கத்தோலிக்கர் சிறுமலர் என்று அழைக்கும் லிசியே நகரத்துத் தெரேசாவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பிரான்சில் 1888இல், தமது 15ஆம் வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். 1897இல் 24ஆம் வயதில் காசநோயால் இறந்தார். அதற்கிடையில் அவர் மடத்தை விட்டு வெளியே சென்று எந்தப் பெரிய காரியத்தையும் செய்யவில்லை. ஆனால் 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பிப்பதில் சிறந்த ஆசிரியர், என்று அறிவித்தது.

அவர் எழுதிவைத்த நினைவுகளில் ஒன்று இது. மாலைத் தியானத்தின்போது அவருக்குப் பின்னால் அமர்ந்த ஒரு சகோதரி, இடைவிடாமல் ஒரு வினோதமான சிற்றொலியை எழுப்பிக்கொண்டே இருப்பார். வேறு யார் காதிலும் அது விழவில்லை. தெரேசாவின் காதில் மட்டும் விழுந்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், அவர் நிறுத்திவிடுவார். திரும்பவேண்டும் என்ற ஆசையை அடக்கி அடக்கித் தமக்கு வியர்த்து ஊற்றியதாகத் தெரேசா ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். கேட்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. கடைசியில் அந்த ஒலியையே ஓர் இசைக் கச்சேரியைக் கேட்பதுபோலக் கூர்ந்து கேட்டு, அதையே தமது மன்றாட்டாக ஒப்புக்கொடுத்தார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் சத்தமாகக் காணொளி பார்க்கும்போது நாம் இருப்பதும் ஏறத்தாழ இதே நிலையில்தான்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. மடத்தில் ஒரு சகோதரியின் பேச்சு, நடத்தை, சுபாவம் எதுவுமே தெரேசாவுக்குப் பிடிக்கவில்லை. அந்த வெறுப்பு தானாக மறையட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தமக்கு மிகவும் பிடித்த ஒருவருக்கு என்னென்ன செய்வாரோ அவற்றையெல்லாம் அவருக்குச் செய்தார். கடுமையாகப் பதில் சொல்லத் தோன்றிய வேளைகளில் புன்னகைத்தார். அதுவும் இயலாதபோது இடத்தை விட்டே நழுவினார். ஒருநாள் அந்தச் சகோதரி மலர்ந்த முகத்தோடு, தம்மிடம் அப்படி எது அவரைக் கவர்ந்தது என்று கேட்டாராம். இதில் பாசாங்கு இல்லையா என்று கேட்கலாம். பாசாங்கு செய்பவர் தம் ஆதாயத்துக்காகப் பிறரை ஏமாற்றுகிறார். தெரேசா செய்தது, உணர்ச்சி வந்து சேரும்வரை செயலை நிறுத்திவைக்க மறுத்தது. கிறிஸ்தவ மரபில் அன்பு முதலில் விருப்பாற்றலின் வேலை. மனம் உருகுவது பின்னால் வரலாம், வராமலும் போகலாம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய ஒருவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியர் உவமையிலும் (லூக்கா 10) மனதுருகினான் என்று ஒரே ஒரு சொல்தான் வருகிறது; மற்றதெல்லாம் வேலை. காயம் கட்டினான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் பராமரித்தான், மறுநாள் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிச் சென்றான்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்க்காமல் விடுவது தவறு. பொறுமை என்ற பண்பு நம் வீடுகளில் பெரும்பாலும் மருமகள்களுக்கும், அலுவலகங்களில் கீழ்நிலை ஊழியருக்கும் மட்டுமே போதிக்கப்படுகிறது. அடிக்கும் கணவனைச் சகித்துக்கொள்வதைச் சிலுவை சுமத்தல் என்று சொல்லிக்கொடுப்பவர்கள், நற்பண்புகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை மறந்துவிடுகிறார்கள். நீதியும் விவேகமும் இல்லாத பொறுமை பண்பே அல்ல. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபமே வராமல் இருப்பதும் குறையாகலாம் என்று அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். பின்னால் இருந்து வரும் சிற்றொலியைத் தாங்கிக்கொள்வது வேறு. அநீதியைத் தாங்கிக்கொள்வது வேறு. முன்னதற்குப் பொறுமை போதும். பின்னதை எதிர்க்கத் திடம் வேண்டும்.

நீதி: கூலியும் நிறைகல்லும்

பக்தியைப் பற்றிய பேச்சில் பணம் நுழைந்தால் பலருக்குச் சங்கடமாக இருக்கும். விவிலியத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. லேவியராகமம் 19ஆம் அதிகாரம், கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. அன்றாடங் காய்ச்சிக்கு இரவுச் சோறு அந்தக் கூலியிலிருந்துதான் வரவேண்டும் என்ற நடைமுறை அறிவு அதில் இருக்கிறது. உபாகமம் 25ஆம் அதிகாரம், வாங்குவதற்கு ஒன்றும் விற்பதற்கு ஒன்றுமாகப் பெரிதும் சிறிதுமான நிறைகற்களைப் பையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் திருமுகம் (5:4) எழுதுகிறது.

ஆகவே நீதி என்னும் பண்பைப் பயில விரும்புபவர், நீதிமன்றத்தையோ அரசியலையோ தேடிப் போகவேண்டியதில்லை. வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு மாதச் சம்பளத்தை ஒன்றாம் தேதியே, அவர் கேட்டு நிற்காதபடி கொடுப்பது. அவர் விடுப்பு எடுத்த நாளுக்குப் பிடித்தம் செய்யும் முன், நம் அலுவலகத்தில் நமக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டே என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது. பெரிய கடையில் வாய் திறக்காமல் விலைச்சீட்டைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, தெருவோரம் கீரைக்கட்டு விற்கும் பாட்டியிடம் மட்டும் பேரம் பேசும் நம் வழக்கத்தை நிறுத்துவது. இவை தர்மம் அல்ல. இரக்கப்பட்டுக் கொடுப்பதற்கும் சேரவேண்டியதைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவதுதான் நீதியின் முதல் பாடம். எரிகோவில் ஆயக்காரத் தலைவனாக, அதாவது வரி வசூலிப்போரின் தலைவனாக, இருந்த சகேயு (லூக்கா 19) இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருந்தான்: ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னது தயை, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பத் தருவதாகச் சொன்னது நீதி.

தாராளத்தையும் அளவுடைமையையும் ஒன்றாகவே பயிலவேண்டும் என்பதற்கு மெத்தடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791) தம் பிரசங்கம் ஒன்றில் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆரம்பகால மெத்தடிஸ்டு இளைஞர்களில் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆயிற்று. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90, கொடுத்தது 62. நான்காம் ஆண்டு 120, கொடுத்தது 92. அந்த இளைஞர் வெஸ்லியேதான் என்று பலர் கருதுகிறார்கள். சம்பளம் உயர்ந்த மாதமே வண்டியையும் வாடகை வீட்டையும் மாற்றும் நமக்கு, இந்த 28 என்ற எண் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். கொடுப்பதற்கு நிறைய இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மிசோரத்தில் திருச்சபைப் பெண்கள், உலையில் அரிசி போடும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்து வருகிறார்கள். ஒரு பிடி அரிசி குறைந்ததால் அந்த வீட்டில் யாரும் பசியோடு படுத்ததில்லை. ஆனால் நாளுக்கு இரண்டு முறை அந்தக் கை கொடுக்கப் பழகுகிறது.

மன்னிப்பின் கணக்கு

பண்புகளில் கடினமானது எது என்று கேட்டால் பெரும்பாலோர் மன்னிப்பைத்தான் சொல்வார்கள். அதைப் பற்றி இயேசு சொன்ன உவமையில் (மத்தேயு 18) இரண்டு கடன்கள் வருகின்றன. அரசனுக்கு ஒரு ஊழியன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. அவனுக்கு உடன் ஊழியன் ஒருவன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். அரசன் அந்தப் பெருங்கடனைத் தள்ளுபடி செய்தான்; அவனோ வெளியே போய் உடன் ஊழியனின் கழுத்தைப் பிடித்தான். இந்த எண்களின் அளவு இன்று நமக்குப் பிடிபடுவதில்லை. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். எனவே முதல் கடன் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். இரண்டாவது கடன் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான கூலி. கேட்டவர்கள் சிரித்திருக்கவேண்டும்; ஒரு சாதாரண ஊழியன் எப்படி அவ்வளவு கடன் வாங்க முடியும்?

இந்தக் கணக்கின் நுட்பம் வேறிடத்தில் இருக்கிறது. நூறு வெள்ளிப்பணம் சிறிய தொகை அல்ல. மூன்று மாதக் கூலியை இழந்தவருக்கு வலி உண்மையானது. உவமை அதை மறைக்கவில்லை. மன்னிப்பதென்றால் ‘பரவாயில்லை, ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்வது என நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் மன்னிப்பதற்கே இடமில்லை. கடன் இருக்கிறது, அதன் தொகையும் தெரியும். இருந்தும், என் கழுத்திலிருந்து இதைவிடப் பெரியது ஒன்று இறக்கப்பட்டது என்ற நினைவோடு, கழுத்தைப் பிடித்த கையை எடுப்பதுதான் மன்னிப்பு. அதனால் உடனே பழைய நட்பு திரும்பிவிடும் என்பதில்லை. சொத்துப் பத்திரத்தில் ஏமாற்றிய தம்பியை மன்னித்த அண்ணன், அடுத்த பத்திரத்தைக் கவனமாக வாசித்துவிட்டுக் கையெழுத்திடுவதில் தவறேதும் இல்லை. அது விவேகம்.

பயிற்சியைப் பொறுத்தவரை, பத்தாண்டுப் பகையிலிருந்து தொடங்குவது நீந்தத் தெரியாதவர் ஆற்று வெள்ளத்தில் இறங்குவதற்குச் சமம். கல்யாண வீட்டில் பெயரை அழைப்பிதழில் போடாமல் விட்டது, கேட்காமல் இரவல் எடுத்துக்கொண்டு போனது, குழுவில் நம் செய்திக்கு மட்டும் யாரும் பதில் போடாதது போன்ற சில்லறை வருத்தங்களில் பழகவேண்டும். சூரியன் அஸ்தமிக்கும் முன் கோபம் தணியட்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியது (4:26) இந்த அன்றாட அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

நாள்முடிவில் ஒரு சோதனை

பண்பு பழக்கத்தால் வருவது என்றால், பழக்கம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று அவ்வப்போது பார்க்க ஒரு வழி வேண்டும். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் (1491–1556) அமைத்து, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ஆன்மப் பயிற்சிகளில் அத்தகைய வழி ஒன்று உண்டு. தமிழில் அதை ஆத்தும சோதனை என்பார்கள். அதற்கு ஐந்து படிகள்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது, தன் குறையைக் காணும் அருளை வேண்டுவது, எழுந்தது முதல் நடந்தவற்றை நேரம் நேரமாக நினைத்துப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. படுக்கப் போகுமுன் கால் மணி நேரம் போதும். நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். குறையிலிருந்து தொடங்கினால் சிலர் தங்களையே வாட்டிக்கொண்டு முடங்கிவிடுவார்கள்.

பழைய தமிழ்ச் செப நூல்களில் விசுவாசத்தையும் நம்பிக்கையையும் தேவசிநேகத்தையும் கடவுளிடம் அறிக்கையிடும் மூன்று சிறு மன்றாட்டுகள் உண்டு. அவற்றின் பெயர்கள் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி. அந்தப் பெயரைச் சூட்டியவர் யாராக இருந்தாலும் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ‘நான் விசுவசிக்கிறேன்’ என்று சொல்லும் வேளையிலேயே அது ஒரு முயற்சிதான் என்று தலைப்பு ஒப்புக்கொண்டுவிடுகிறது.

இதைச் செய்யத் தொடங்குபவருக்கு இரண்டு இடறல்கள் வரும். ஒன்று, பிறர் பார்க்கவேண்டும் என்ற ஆசை. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று மத்தேயு 6ஆம் அதிகாரம் சொல்வது அதற்காக. அன்னதானத்தைவிட அன்னதானத்தின் படங்கள் பெரிதாகிவிட்ட காலத்தில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. மற்றொன்று, தவறி விழுந்தவுடன் ‘எனக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று கைவிடுவது. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒரே பாவத்தை மாதந்தோறும் சொல்ல வெட்கப்படுபவர்கள் இந்த இரண்டாம் வகை. ஆனால் பழக்கம் என்ற சொல்லிலேயே திரும்பத் திரும்பச் செய்வது என்ற பொருள் இருக்கிறது. நடை பழகும் குழந்தை எத்தனை முறை விழுந்தது என்று எந்தத் தாயும் குறை சொல்வதில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவருக்கு இஞ்ஞாசியார் மேலும் குறுகலான ஒரு முறையையும் வைத்திருக்கிறார். எல்லாக் குறைகளையும் ஒன்றாகத் திருத்த முயலாமல், ஒரே ஒரு குறையை மட்டும் தேர்ந்துகொள்ளவேண்டும். புறம்பேசுவது என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்தவுடன் இன்று புறம்பேசுவதில்லை என்று உறுதி எடுப்பது; பகல் உணவுக்குப் பின் ஒரு முறையும், இரவு உணவுக்குப் பின் ஒரு முறையும் எத்தனை தடவை தவறினோம் என்று எண்ணுவது; இடையில் ஒவ்வொரு முறை தவறும்போதும், பக்கத்தில் இருப்பவர் கவனிக்காதபடி, நெஞ்சின்மேல் கையை வைத்து வருந்துவது. ஒரு தாளில் நாளுக்கு இரண்டு கோடுகள் போட்டு, முதல் கோட்டில் பகல்வரை தவறியதற்கும், இரண்டாம் கோட்டில் அதன்பின் தவறியதற்கும் புள்ளிகள் வைக்கச் சொல்கிறார். பின்னர் மாலையைக் காலையோடும், இன்றை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு வாரத்துக்கான கோடுகளும் வரையப்பட்டிருக்கும். பல பதிப்புகளில் ஞாயிற்றுக்கிழமையின் கோடு நீளமாகவும், நாள்கள் செல்லச் செல்ல அடுத்தவை குறுகிக்கொண்டும் வரும். புள்ளிகளுக்குத் தேவைப்படும் இடம் குறையும் என்ற எதிர்பார்ப்பு போலும். ஆனால் சனிக்கிழமைக்கும் ஒரு கோடு இருக்கத்தான் செய்கிறது.